பிரையோஃபைட்டா ஸ்லைடு செட்: முழு டப்பாவ வாங்காதீங்க, பாதி நம்ம வாய்க்கா கரையிலயே கிடக்கு

போன கல்வி வருஷம் ஸ்கூல் லேபுக்கு வாங்குன 15 ஸ்லைடு பிரையோஃபைட்டா செட்டுக்குத்தான் இந்த ரிவ்யூ, பிரையோஃபைட்டான்னா மாஸ், ஈரல் தாவரம் மாதிரி பூவும் விதையும் இல்லாத குட்டிச் செடிங்க. பிளஸ் ஒன் பாட்டனி எடுக்குற டீச்சருங்க, பி.எஸ்சி. பசங்க, வீட்ல சும்மா ஒரு மைக்ராஸ்கோப் வச்சு எதையாவது நோண்டிக்கிட்டு இருக்குறவங்க, இவங்களுக்குத்தான் இது உபயோகப்படும், மத்தவங்க தாண்டிப் போயிடலாம், ஆனா அடமழைல கிணத்தடியில வழுக்கி விழுந்திருந்தீங்கன்னா நீங்களும் படிக்கலாம், உங்கள விழ வச்ச ஆளுங்கள்ல சிலர் இந்த டப்பாக்குள்ள இருக்காங்க.

கம்பெனி பேரு போடல. ஸ்கூல் லேப் சாமான் நிறைய ஹரியானா அம்பாலாவுலேர்ந்துதான் வருது, எந்த ஸ்டிக்கர் ஒட்டி வந்தாலும் செட்டுக்குள்ள உள்ள அயிட்டம் கிட்டத்தட்ட இதேதான். ரிக்ஸியா 3, மார்கான்ஷியா 5, ஆந்தோசெரோஸ் 2, ஸ்ஃபாக்னம் 1, ஃபியூனேரியா 3, பாலிட்ரைக்கம் இலை 1. இதுல முதல் ரெண்டும் ஈரல் தாவரம், ஆந்தோசெரோஸ் கொம்புத் தாவரம், கடைசி மூணும் மாஸ். விலை ஜிஎஸ்டியோட 1,350 ரூபா, அதாவது ஸ்லைடுக்கு 90. தனித்தனியா கேட்டா கடைக்காரர் 100 சொல்றாரு, சில அயிட்டம் 120. செட்டா வாங்குனா லாபம்னு அவரு சொல்லுவாரு, எங்க ஹெச்.எம்.மும் அதான் சொன்னாரு. நான் சொல்றது என்னன்னா, நீங்க தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் இருந்தா செட்டு வேஸ்ட், ஒரு ஆறு ஏழு ஸ்லைடு மட்டும் பொறுக்கி எடுத்து வாங்குங்க, மிச்சத்த வெளில போயி புடிச்சுட்டு வந்துடலாம்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். ஸ்ஃபாக்னம் இலை ஸ்லைடு, அதுக்கு 120 இல்ல 200 கேட்டாலும் குடுக்கலாம். முழு இலைய அப்புடியே வச்சு மவுன்ட் பண்ணிருக்காங்க, வெட்டல. லோ பவர்ல வலை மாதிரி தெரியும், ஹை பவருக்கு மாத்துனீங்கன்னா அந்த வலையோட கம்பி பச்ச செல்லு, நடுவுல இருக்குற பெரிய பெரிய காலி அறை எல்லாம் செத்த செல்லு. அதுக்கு உள்ள சுவத்துல சுருள் சுருளா தடிப்பு, ஆங்காங்க ஓட்டை. தண்ணி அந்த ஓட்டை வழியா உள்ள ஏறி அங்கயே தங்கிடும், அதனாலதான் காஞ்ச ஸ்ஃபாக்னம் தன் எடையப்போல 20 மடங்கு தண்ணி புடிச்சு வச்சுக்குது, முதல் உலகப்போர்ல பஞ்சு தட்டுப்பாடு வந்தப்ப காயத்துக்குக் கட்டுப்போட இதத்தான் வச்சாங்க. இப்ப நர்சரில ஆர்கிட் தொட்டிக்கும் மணி பிளான்ட் குச்சிக்கும் மாஸுன்னு பாக்கெட்ல விக்கிறாங்களே அதுல நல்ல சரக்கு இதுதான். அந்த பாக்கெட்லேர்ந்து ஒரு துணுக்கு எடுத்து தண்ணில ஊறப்போட்டு ஒரு இலைய உரிச்சு வச்சாலும் இதே காட்சி கிடைக்கும், கலர் மட்டும் இருக்காது, அதனால நர்சரிக்காரர் உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா இந்த ஸ்லைடு காசையும் மிச்சம் புடிக்கலாம். ஆனா அவரு குடுக்குறது தேங்காய் நாருத் தூளா மாஸான்னு பாத்து வாங்குங்க.

அடுத்து மார்கான்ஷியா ஜெம்மா கப். இது நம்ம சமவெளில சுலபமா சிக்காது, ஈரமும் குளிர்ச்சியும் வேணும், மலைக்குப் போகணும். செட்டுல வந்த ஜெம்மா கப் ஸ்லைடு அருமையா இருக்கு, கிண்ணத்தோட நட்ட நடுவுல வெட்டிருக்காங்க, அடியில காம்போட ஒட்டிக்கிட்டு நிக்கிற ஜெம்மா ஒவ்வொண்ணும் ரெண்டு பக்கமும் உள்வாங்குன வடிவத்துல தெளிவா தெரியுது. மழைத்துளி கிண்ணத்துல விழுந்து தெறிக்கிறப்ப அதுங்க வெளில சிதறி விழுந்து புதுச் செடியாகும், விதையும் கிடையாது, ஆண் பெண் சேர்க்கையும் கிடையாது, தாயோட அச்சு அசல் நகல். தாலஸ், அதாவது இலை தண்டுன்னு பிரியாத தட்டை உடம்பு, அதோட குறுக்குவெட்டும் பரவால்ல, மேல காத்தறை, அதுக்கு மேல பீப்பாய் மாதிரி துளை, அந்த துளை வெட்டு வாய்ல சரியா மாட்டிருக்கு.

ஆனா ஒண்ணு. ஈரல் தாவரங்கள்ல செல்லுக்குள்ள எண்ணெய்த் துளிங்க இருக்கும், ஆயில் பாடின்னு சொல்லுவாங்க, மார்கான்ஷியாவுலயும் அதுக்குன்னே தனியா செல்லு உண்டு. இந்த மாதிரி நிரந்தர ஸ்லைடு செய்யணும்னா ஆல்கஹால்ல ஊறப்போட்டு தண்ணிய எல்லாம் எடுத்து, சைலீன்ல முக்கி, மெழுகுல பதிச்சு, வெட்டி, சாயம் போட்டு அப்புறம்தான் டி.பி.எக்ஸ்.ங்குற ஒட்டுப் பசைய ஊத்தி மூடுவாங்க, இவ்ளோ குளியல் குளிச்சதுக்கு அப்புறம் எண்ணெய் எங்க இருக்கும். இந்த துறைல இருக்குறவங்க ஈரல் தாவரத்த இனம் புரிஞ்சுக்க உயிரோட இருக்குறப்பவே அத மைக்ராஸ்கோப்புல பாத்துடுவாங்க, ஏன்னா காஞ்சுபோனாலே பல வகைல அந்த துளி காணாமப் போயிடும். இது கம்பெனி தப்பு இல்ல, எந்த கம்பெனி ஸ்லைடா இருந்தாலும் அப்புடித்தான். பசங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க, சிவப்பும் பச்சையுமா இருக்கே அதெல்லாம் சஃப்ரானின், ஃபாஸ்ட் கிரீன்ங்குற சாயம், செடியோட கலர் இல்லன்னு.

ஆந்தோசெரோஸ் ரெண்டும் வாங்கலாம். தாலஸ் வெட்டுல கருநீலமா உருண்டை உருண்டையா தெரியுறது நாஸ்டாக், நீலப்பச்சைப் பாசி, செடிக்குள்ளயே குடியிருந்துக்கிட்டு காத்துல உள்ள நைட்ரஜன புடிச்சு குடுக்கும். நம்ம ஊரு பசங்களுக்கு இத விளக்குறது ரொம்ப சுலபம், வீட்ல அப்பா வயலுக்கு அசோலா வாங்கிப் போட்டிருப்பாரு, அசோலா இலைக்குள்ள இருக்குறதும் இந்த நாஸ்டாக்குக்கு நெருங்குன சொந்தம்தான், சம்பளம் வாங்காம யூரியா போடுற வேலைக்காரன்னு சொன்னேன், ஒரு பொண்ணு "அப்ப எங்க வயக்காட்ல ரெண்டு பேரும் இருக்காங்க மிஸ், அப்பா தெரியாம யூரியாவும் போட்டுக்கிட்டு இருக்காரு"ன்னுச்சு. ரெண்டாவது ஸ்லைடு செடி மேல நிக்கிற கொம்பு, அதுல நீளவாக்கு வெட்டு நல்லா வந்துருக்கு, நடுவுல தூண், ரெண்டு பக்கமும் ஸ்போர் (விதைக்குப் பதிலா இதுங்க பரப்புற தூள்), கீழ வர வர ஸ்போர் இளசு. அடியில வளர் திசு இருக்குறதால கீழேர்ந்து வளந்துக்கிட்டே இருக்கும், மேல முத்தி வெடிக்கும். ஒரே ஸ்லைடுல பிறப்புலேர்ந்து முதிர்ச்சி வரைக்கும் வரிசையா நிக்கிறத வேற எதுல காட்ட முடியும், இதுக்கே அந்த 90 ரூபா செரிச்சுடும்.

இப்ப கெட்டது. ஃபியூனேரியா கேப்ஸ்யூல், அதாவது ஸ்போர் இருக்குற கூடு, அதோட நீளவெட்டு. பாடப்புத்தகத்துல எல்லாரும் வரையிற படம் இதுதான், மேல மூடி, அதுக்குக் கீழ வளையம், பல்லு, நடுவுல காலுமெல்லாங்குற தூண், சுத்தி ஸ்போர் பை, அடியில அபோஃபிசிஸ்ங்குற ஸ்போர் இல்லாத பகுதி. எனக்கு வந்த ஸ்லைடுல வெட்டு ஓரமா போயிருக்கு, காலுமெல்லா பாதி, மூடி இருந்த எடம் காலி, பல்லு சுத்தமா இல்ல. பசங்க லென்ஸ்ல கண்ண வச்சுக்கிட்டே புத்தகத்தப் பாத்துதான் வரைஞ்சாங்க, நோட்டப் பாத்தா எல்லார் படமும் பிரமாதம், ஸ்லைடுல இல்லாத பல்லு நோட்டுல வரிசையா நிக்குது. மாத்திக் குடுங்கன்னு கேட்டதுக்கு டீலர் அடுத்த லாட்ல பாக்கலாங்க மேடம்னாரு, அடுத்த லாட் இன்னும் வரல.

சரி, வெட்டு நல்லா வந்தாலும் இந்த ஸ்லைடால பல்லோட வேலைய காட்ட முடியாதுங்குறது என் கருத்து. ஃபியூனேரியாவுல வெளி வட்டத்துல 16, உள் வட்டத்துல 16, நீளவெட்டுல உங்களுக்குத் தெரியப்போறது ஓரத்துல ஒண்ணு ரெண்டு பல்லோட பக்கவாட்டு மட்டும். அது ஈரத்துக்கு மடங்கி வெயிலுக்கு நிமிந்து ஸ்போர கொஞ்சம் கொஞ்சமா வெளில விடுறதுதான் கதையே, அத கண்ணாடிக்கு நடுவுல கோந்து போட்டு ஒட்டிட்டு எங்க பாக்குறது. வாங்கித்தான் ஆகணும்னா நீளவெட்டு வேணாம், பெரிஸ்டோம் (அந்த பல்லு வரிசை) டபிள்யூ.எம்., அதாவது வெட்டாம முழுசா வச்சது இருக்கான்னு கேளுங்க, கேட்லாக்ல சில பேரு வச்சிருக்காங்க, அதுல பல்லு வட்டமா பூ விரிஞ்சாப்புல முழுசா தெரியும்.

வாங்கலன்னாலும் ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. நம்ம ஊருல பழைய சுவத்து மேலயும் தொட்டி மண்ணுலயும் பிரையம்னு ஒரு மாஸ் வரும், மழை முடியுற சமயம் மெல்லிசா செவப்புக் காம்பு நீட்டி அதோட நுனியில குட்டியூண்டு கேப்ஸ்யூல் தலைகீழா தொங்கும். மூடி கழண்ட கேப்ஸ்யூல் ஒண்ணப் பறிச்சு 10எக்ஸ் கை லென்ஸ்ல பாத்துக்கிட்டே வாயால லேசா ஊதுங்க, மூச்சுல இருக்குற ஈரம் பட்ட உடனே பல்லு அசையும், ஊதுறத நிறுத்துனா பழையபடி. கிளாஸ்ல இத செஞ்சப்ப பின் பெஞ்சு பசங்க வரிசைல முண்டியடிச்சுக்கிட்டு வந்தாங்க. செலவு பூஜ்யம், லென்ஸ் இல்லாதவங்க நகைக்கடைல பயன்படுத்துற லூப் இருக்கே அத வாங்கிக்கலாம், ஆனா 30எக்ஸ் 60எக்ஸ்னு போட்டு விக்கிறத நம்பாதீங்க, நல்ல 10எக்ஸ் போதும்.

ஃபியூனேரியாவோட ஆண் தலை ஸ்லைடு, ஆந்தெரிடியம் இருக்குறது, அது ஓகே. நடுநடுவுல பலூன் மாதிரி தல பெருத்த பாராஃபைசிஸ் செல்லு வரிசை கூட தெரியுது. ஆந்தெரிடியத்த முதல்ல ஒழுங்காப் பாத்து இதுதான் மாஸோட ஆண் உறுப்புன்னு நிலைநாட்டுனவரு ஹெட்விக்னு ஒரு டாக்டர், 18-ம் நூற்றாண்டு, நம்ம ஸ்கூல் மைக்ராஸ்கோப்ப விட சாதாரண கருவிய வச்சுக்கிட்டு. அவரு 1799-ல இறந்துட்டாரு, புத்தகம் 1801-ல வந்துச்சு, இன்னிக்கும் மாஸுக்கு பேரு வைக்கிற கணக்கு அந்த 1801 ஜனவரி 1-லேர்ந்துதான் ஆரம்பம், அதுக்கு முன்னாடி யாரு என்ன பேரு வச்சிருந்தாலும் செல்லாது. ஸ்ஃபாக்னத்துக்கும் ஈரல் தாவரங்களுக்கும் மட்டும் சுவீடன் தாவர அறிஞர் லின்னேயஸோட 1753 புத்தகம்தான் ஆரம்பம். அந்த லின்னேயஸ்கிட்ட படிச்ச கோனிக்தான் 1768-ல நம்ம தரங்கம்பாடிக்கு வந்து செடி சேகரிச்சாரு, மயிலாடுதுறைலேர்ந்து பஸ்ல போற தூரத்துல இப்புடி ஒரு சங்கதி இருக்குறது எங்க புத்தகத்துல எங்கயும் இல்ல.

ரிக்ஸியாவுக்கு வரேன், எனக்கு கோவம் வந்தது இங்கதான். 15-ல 3 ஸ்லைடு ரிக்ஸியா, 270 ரூபா. வெட்டு தடிமனா இருக்கு, மேல் பக்கம் செல்லு தூண் தூணா நிக்கணும், இடையில காத்துப் பாதை தெரியணும், இதுல எல்லாம் ஒரே செவப்பா அப்பிக்கெடக்கு. ஸ்போர் உண்டாகுற பகுதி, அதான் ஸ்போரோஃபைட், அந்த ஸ்லைடு மட்டும் சுமார். இத்தனைக்கும் இந்தச் செடி ஐப்பசி கார்த்திகைல நம்ம பக்கம் எங்க பாத்தாலும் கிடக்கும். வாய்க்கா கரை, வரப்பு ஓரம், கொல்லையில தென்னை மரத்து அடி, நர்சரி தொட்டி, எங்கெங்க வெறும் மண்ணு நனைஞ்சு கெடக்கோ அங்க. ரெண்டு ரெண்டா பிரிஞ்சு பிரிஞ்சு வட்டமா படர்ந்து நாணயம் சைசுக்கு தரையோட தரையா ஒட்டிருக்கும், ஒவ்வொரு கிளையிலயும் நடுவுல ஒரு பள்ளக்கோடு. பொங்கலுக்கு அப்புறம் வெயில் ஏற ஏற ஓரம் சுருண்டு கருத்துடும், சில வகைல நுனி மட்டும் உசுரோட கெடந்து அடுத்த மழைக்குத் தளிர்க்கும்.

மண்ணோட சேத்து கத்தியால ஒரு வில்லை எடுத்து டிஃபன் பாக்ஸ்ல போட்டுக்கிட்டு வாங்க, குழாய்ல மெதுவா கழுவுங்க, கேரட்ட பிளந்து நடுவுல செருகி புது பிளேடால சரசரன்னு இருபது சீவு சீவுனா அதுல ரெண்டாச்சும் நல்லா வரும். அத தண்ணில எடுத்து கிளிசரின்ல வச்சு கவர் ஸ்லிப் போட்டுப் பாருங்க. பச்சை செல்லுத் தூண், கீழ நெறமில்லாத சேமிப்புப் பகுதி, அடியில வேர் மாதிரி ரைசாய்டு, அதுல ஒண்ணு வழவழன்னு இன்னொண்ணு உள் சுவத்துல முளை முளையா, ரெண்டு தினுசும் தெரியும், 90 ரூபா ஸ்லைடுல ரைசாய்டே அறுந்து போயிருந்துச்சு. சாயம் கூட வேணாம். எங்க லேப் அண்ணன் இப்ப இதுல எக்ஸ்பர்ட், என்ன விட மெல்லிசா வெட்டுறாரு.

மழை இல்லாத மாசத்துல ரிக்ஸியாவுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மீன் தொட்டி கடைக்குப் போங்க. கல்லுல கட்டி தொட்டிக்குள்ள பச்சைப் புல்வெளி மாதிரி விடுவாங்களே, அது ரிக்ஸியா ஃப்ளூயிடன்ஸ், தண்ணில மெதக்குற வகை. ஜப்பான்காரர் தகாஷி அமானோ பிரபலப்படுத்துன ஸ்டைல் அது. கொத்து அம்பது நூறுக்குள்ள கிடைக்கும், சின்ன டப்புல போட்டு ஜன்னலோரம் வச்சா வருஷம் பூரா இருக்கும். ஒல்லியா இருக்கும், கரையில படர்ற வகையோட அமைப்பு அப்புடியே இருக்காது, ஆனா ரெண்டா பிரியுற கிளை காட்ட இது போதும். அதே கடைல ஜாவா மாஸுன்னு ஒண்ணு விப்பாங்க, அதுவும் நிஜ மாஸ்தான், வாங்கிக்கலாம்.

ரிக்ஸியா ஸ்போரோஃபைட் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அந்த ஒரு ஸ்லைடு மட்டும் தனியா வாங்கலாமான்னு எனக்கே ரெண்டு மனசு. அதுக்கு காலும் கிடையாது காம்பும் கிடையாது, வெறும் பை, தாய் உடம்புக்குள்ளயே பொதைஞ்சு கெடக்கும், தாய் அழுகுனாதான் ஸ்போர் வெளில வரும். இது ஆதிநிலையா, இல்ல மார்கான்ஷியா மாதிரி பெருசா இருந்தது தேஞ்சு தேஞ்சு இப்புடி ஆச்சாங்குறதுல பெரிய வாதமே நடந்துச்சு, லாகூர்ல வேலை பாத்த சிவ்ராம் காஷ்யப் தேஞ்சதுதான்னாரு. 1929-ல மேற்கு இமயமலை, பஞ்சாப் சமவெளி ஈரல் தாவரங்கள் பத்தி அவரு போட்ட புத்தகத்தாலதான் இந்திய பிரையாலஜிக்கு (இந்தச் செடிங்க பத்துன படிப்புக்கு) தந்தைன்னு அவர சொல்றாங்க. ஸ்லைடு டப்பால ரிக்ஸியாவ முதல்ல வச்சு மார்கான்ஷியாவ ரெண்டாவது வச்சிருக்காங்க, நம்ம சிலபஸும் அதே வரிசைதான், பசங்க சின்னதுலேர்ந்து பெருசா வளந்துச்சுன்னே எடுத்துக்குறாங்க. ரெண்டு ஸ்லைடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது முந்தின்னு சண்டை போட விட்டா ஒரு பீரியடு போறதே தெரியாது, அந்த வகைல 90 ரூபா நியாயம்னு வச்சுக்கலாம்.

பாலிட்ரைக்கம் இலை வெட்டு நல்லா இருக்கு, இலை மேல தகடு தகடா நிக்கிற லாமெல்லா தெரியுது. ஆனா பிளஸ் ஒன்னுக்கு அது தேவையே இல்ல, காலேஜுக்கு ஓகே.

செட்டுல இல்லாத ஒண்ணு, நான் கேட்டா முதல்ல வைக்க வேண்டியது, நம்ம மதகு சுவர் மாஸ். ஹயோஃபிலா. செங்கல், சுண்ணாம்பு, சிமெண்ட் எங்க ஈரம் கசியுதோ அங்க பாய் விரிச்சாப்புல இருக்கும், ஜூன் 12 மேட்டூர் தொறந்து கடைமடைக்குத் தண்ணி வந்து சேருற வரைக்கும் பழுப்பா செத்தது மாதிரி கெடக்கும். கொஞ்சம் சுரண்டி பேப்பர் பொட்டலம் கட்டி தேதி, எடம் எழுதி பீரோல வச்சுடுங்க, ஃப்ரிட்ஜு வேணாம், ஃபார்மலின் வேணாம், மாஸ் ஆராய்ச்சிக்காரங்க காஞ்ச செடி சேத்து வைக்கிற ஹெர்பேரியமே இப்புடி காகிதப் பொட்டலம்தான். வேணுங்குறப்ப ஒரு கொத்த லென்ஸுக்குக் கீழ வச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க, உள்பக்கமா சுருண்டு இருந்த இலை எல்லாம் கண்ணு முன்னாடி விரியும். இதுக்கு கேப்ஸ்யூல்ல பல்லே கிடையாது, அதனால பல்லுக்கு பிரையம், இலை விரியுறதுக்கு ஹயோஃபிலான்னு ரெண்டையும் வச்சுக்கிட்டா போதும்.

மார்கான்ஷியா, ஃபியூனேரியா நேர்ல பாக்கணும்னா கொடைக்கானல் டூர் போறப்ப ரோட்டோர கல்வெர்ட்ல தேடுங்க. கொடைக்கானல் பக்கத்து செண்பகனூர்ல இருந்த பாதிரியார் ஃபாதர் ஃபோரோ பழனி மலை மாஸ்கள் பத்தி 1961-லயே பட்டியல் போட்டுருக்காரு, அந்த மலைல அவ்ளோ இருக்கு. காட்டுக்குள்ள போயி உரிக்காதீங்க, ரோட்டோரத்துல கண்ணால பாத்து போட்டோ புடிச்சா போதும், ஒரு கைப்பிடி பேத்துட்டு வந்தா மறுபடி வளர வருஷக்கணக்காகும்.

பேக்கிங் பத்தி. டப்பா பிளாஸ்டிக், மூடி சரியா உக்காரல, ஸ்லைடு நட்டக்குத்தலா நிக்குது. படுக்க வைங்க, நிக்க வச்சா டி.பி.எக்ஸ். சரியா காயாத ஸ்லைடுல கவர் ஸ்லிப் மெதுவா இறங்கும், எனக்கு ஒரு மார்கான்ஷியாவுல ஓரத்துல குமிழி வந்துடுச்சு. ஜன்னல் வெளிச்சம் பட்டா சஃப்ரானின் வெளுக்கும். நம்ம ஊரு மழைக்காலத்துல பேப்பர் லேபிள் பூசணம் புடிச்சு எழுத்து போயிடுது, அதனால வந்த அன்னிக்கே பேர வைரப் பேனாவால கண்ணாடி மேலயே கீறிடுங்க, இல்ல நம்பர் போட்டு நோட்டுல எழுதிக்குங்க, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு உள்ள போடுங்க.

5-க்கு 2.5 குடுக்குறேன், அந்த 2.5-ம் ஸ்ஃபாக்னம், ஜெம்மா கப், ஆந்தோசெரோஸ் இவங்களுக்காக. ஆர்டர் போடுறப்ப ஃபோன்ல இப்புடி சொல்லுங்க: ஸ்ஃபாக்னம் இலை டபிள்யூ.எம்., மார்கான்ஷியா தாலஸ் வி.எஸ். (செங்குத்து வெட்டு), ஜெம்மா கப் வி.எஸ்., மார்கான்ஷியா பெண் தலை எல்.எஸ். (நீளவெட்டு), ஆந்தோசெரோஸ் ரெண்டு, ஃபியூனேரியா ஆண் தலை எல்.எஸ்., பெரிஸ்டோம் டபிள்யூ.எம். இருந்தா அதுவும். செட்டாதான் தருவோம்னு சொன்னா வேற கடை பாருங்க, திருச்சில லூஸா தர்றவங்க இருக்காங்க. காசு குடுக்குறதுக்கு முன்னாடி கடைலயே ஒரு மைக்ராஸ்கோப்புல ஒவ்வொண்ணா வச்சு பாத்துடுங்க, மூஞ்ச சுளிப்பாரு, பரவால்ல.